பதினொரு டிகிரி

என் நாத்தனார் அதிகம் பேசமாட்டாள். பேசினால் சொட்டைப் பற்றித்தான் பேசுவாள். எண்ணெய்ச் சொட்டை எப்படி உடைப்பது, உடைத்ததை மறுபடி ஒன்றோடொன்று சேராமல் எப்படி வைத்திருப்பது, காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளுக்கு இதே நினைப்புதான். அதனால் எங்கள் வீட்டில் அவளுக்குச் சொட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. வைத்தவள் நான்தான். என் வாய் சும்மா இருக்காது என்பது தெருவுக்கே தெரியும்.

நானும் என் வீட்டுக்காரரும் சீஸ் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள். வீட்டுக்குப் பின்னால் வெள்ளை ஓடு பதித்த ஓர் அறை, இரண்டு பால் தொட்டி, ஆள் உயர ஃப்ரிட்ஜ், மூலையில் ஒரு ஃப்ரீசர். அவ்வளவுதான் எங்கள் தொழிற்சாலை. உப்புக் குறைவான, தட்டில் வைத்தால் லேசாக நடுங்குகிற வெள்ளைச் சீஸ். சாப்பிட்டவர்கள் தேடி வருவார்கள். ஆனால் ஐந்து நாள்தான் தாங்கும். ஆறாம் நாள் மேலே வழவழப்பு வரும், ஏழாம் நாள் மூடியைத் திறந்தவர் எங்கள் குடும்பத்தையே திட்டுவார். ஏதாவது ரசாயனத்தைப் போட்டால் தாங்கும் என்று பலர் சொன்னார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காது என்றால் பிடிக்காது, அதற்கு மேல் அதில் பேச்சு இல்லை.

சொட்டு வேலை பார்த்தது உணவு ஆராய்ச்சிக் கூடத்தில். நான்கு வருடமாக அவள் கட்டிக்கொண்டு அழுதது கிராம்பு எண்ணெயை. கிராம்பு எண்ணெய் கிருமியைக் கொல்லும், அது புதுச் செய்தி இல்லை. பல் வலிக்கு வைத்துக்கொண்டவர்களுக்கு அதன் காரம் தெரியும். ஆனால் சீஸில் போட்டால் இரண்டு தொல்லை. எண்ணெய் போய்க் கொழுப்பில் ஒளிந்துகொள்ளும், கிருமி இருப்பதோ ஈரத்தில். கிருமி சாகிற அளவுக்கு அள்ளிப் போட்டால் சீஸ் பல் டாக்டர் அறை மாதிரி மணக்கும். அதை யார் வாயில் வைப்பது?

"அதான் அண்ணி, சொட்டைச் சின்னதாக்கணும்," என்றாள் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில். "ஒரு முடியோட தடிமனை ரெண்டாயிரமா வகுத்துக்கோங்க. அதுல ஒரு பங்குதான் என் சொட்டு."

"யாரு முடி? உங்க அண்ணனுக்கு இருக்கறதே நாலு. அதையும் நீ வகுந்துடாதே."

அவள் அண்ணன் தலையைத் தடவிக்கொண்டார். சொட்டு சிரித்துவிட்டுச் சொல்லி முடித்தாள். அந்த அளவுக்குச் சின்னதானால் எண்ணெய் தண்ணீரில் மிதக்காது, எல்லா இடத்துக்கும் பரவும், ஈரத்தில் இருக்கிற கிருமியின் மேல் நேராகப் போய் உட்காரும். பத்தில் ஒரு பங்கு எண்ணெய் போதும், வாசனையும் வராது. ஒவ்வொரு சொட்டுக்கும் சோயாவிலிருந்து எடுத்த ஒரு மெல்லிய சட்டை போட்டுவிடுவாளாம், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க. கைப்பையிலிருந்து ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். உள்ளே இருந்தது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அதில் எண்ணெய் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு விதி. எதுவானாலும் கண்ணாடித் தட்டில் வேலை செய்தால் போதாது. வெளியே, உண்மையான ஒரு தொழில் அறையில், ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கையால், பதினான்கு நாள் தாங்கிக் காட்ட வேண்டும். தாங்கினால் வேலை தொடரும். இல்லையென்றால் அவள் மேஜையும் கருவியும் வேறொருவருக்குப் போய்விடும், அவளை, உணவு மாதிரிகள் சோதிக்கிற பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே தினம் நூறு பாக்கெட்டில் உப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே தலை நரைக்க வேண்டியதுதான். முடிவு சொல்பவர் அவளுடைய துறைத் தலைவர். அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு நான் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி.

"உங்க அறையில செய்யலாமா அண்ணி?" என்று கேட்டாள். "உங்க கையைவிடச் சுத்தமான கை எனக்குத் தெரியாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. செய்து காட்டுகிறேன் பார் என்று அப்போதே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பாட்டில் ஒரு மாலை வந்தது. கூடவே ஒரு பதிவுத் தாள். பாட்டிலை நான்கு டிகிரியில் வைக்க வேண்டும், மறுநாள் பாலில் கலக்க வேண்டும், அன்று முதல் பதினான்கு நாளும் காலை, மாலை இரண்டு வேளை ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற வெப்பமானியைப் பார்த்து எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்துவிட்டு அவள் போனதும் யோசித்தேன். எங்கள் ஃப்ரிட்ஜை ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து மூடுகிறோம். மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த பொருளை அதிலா வைப்பது? நான்கு டிகிரியே நல்லது என்றால் ஃப்ரீசர் அதைவிட நல்லதுதானே? பத்திரமாக இருக்கட்டும் என்று, குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி, துணி சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன்.

காலையில் அது கல்லாக இருந்தது. வெந்நீரில் நிற்க வைத்து இளக்கினேன். தெளிவாக இருந்தது பால் போல வெளுத்துவிட்டது. பாலில்தானே போகப்போகிறது, வெளுத்தால் என்ன என்று நன்றாகக் குலுக்கிக் கலந்தேன். இருபது டப்பா அவள் மருந்தோடு, இருபது டப்பா வெறும் சீஸ். ஃப்ரிட்ஜில் ஒரே தட்டில் அடுக்கினேன்.

பதிவுத் தாளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஒழுங்காகப் பார்த்தேன், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் வேலை மும்முரத்தில் மறந்துபோனேன். பதினான்காம் நாள் டீயோடு உட்கார்ந்து, ஒரே பேனாவால், வரிசையாக நாலு, நாலு, நாலு என்று நிரப்பிக் கையெழுத்தும் போட்டு முடித்தேன். மொத்தம் இருபத்தெட்டு நாலு. இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும். சோதனைக்கு ஆள் வருகிறார் என்றால் ஒரு மாதத் தாளையே பத்து நிமிடத்தில் எழுதுகிறவர்கள் நாங்கள்.

அதற்கு முன்பே, ஏழாம் நாள், சொட்டு வந்து ஒரு டப்பாவைத் திறந்தாள். குப்பென்று கிராம்பு வாசனை. மேலே வழவழப்பும் வந்திருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, பாட்டிலை எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜ்லதான். வேற எங்க வைப்பாங்க, துணி அலமாரியிலயா?"

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவள் கேட்ட அந்த நொடியிலேயே ஃப்ரீசர்தான் என் நினைவுக்கு வந்தது. ஆனால் என் அறையில் வந்து என்னையே கேட்கிறாளே என்ற கோபம் முந்திக்கொண்டது. அவள் மறுபடி கேட்கவில்லை. நான் கழுவாமல் போட்டிருந்த காலிப் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

பதினான்காம் நாள் எல்லாம் கெட்டுப்போயிருந்தது. மருந்து போட்டதும் போடாததும் ஒன்றுபோல. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? அதுதான் இல்லை. டப்பாக்களைக் குப்பையில் கொட்டிக்கொண்டே வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன்.

"நாலு வருஷம் படிச்சுப் படிச்சு உங்க தங்கச்சி பண்ணின மருந்து இதுதானா? நாற்பது டப்பாவும் போச்சு."

அவர் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே திரும்பாமல் கேட்டார். "பாட்டிலை நீ ஃப்ரீசர்ல வெச்சதைப் பார்த்தேனே. அவகிட்டச் சொன்னியா?"

"அதனால என்ன? குளிர்ச்சிதானே அதுவும்?"

"எனக்குத் தெரியாது. சொன்னியான்னுதான் கேட்டேன்."

அடுத்த டப்பாவைக் கொட்டினேன். மனசு குறுகுறுத்தது. குறுகுறுத்ததை வேலையில் போட்டு அமுக்கினேன்.

பதிவுத் தாளை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. தலைவர் அறையில் மேஜை, இரண்டு நாற்காலி, ஜன்னலோரம் கோப்புகள். வேறு ஒன்றுமில்லை. அவர் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் அறையிலிருந்து போன அதே பாட்டில்.

"இதுல அடியில ஒட்டியிருந்ததை உங்க நாத்தனார் அளந்தாங்க. இங்கேயிருந்து புறப்பட்டப்ப சொட்டோட அளவு நாற்பது நானோமீட்டர். இப்போ தொள்ளாயிரம். எல்லாம் சேர்ந்துபோச்சு."

"எதனால சார்?"

"ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, எங்கேயாவது உறைஞ்சிருக்கணும். ஐஸ் கட்டும்போது சொட்டையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளி நசுக்கிடும். இல்லேன்னா அவங்க செய்முறையே நிக்காத செய்முறை. உங்க தாள்ல நாலுன்னு இருக்கு. அதனால ரெண்டாவதுன்னுதான் எழுத வேண்டியிருக்கு. வர்ற வாரம் மேஜையை எடுத்துடுவாங்க."

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

"கேட்டேன். 'எங்க அண்ணி நாலுன்னு எழுதியிருந்தா நாலுதான் சார்'னு சொன்னாங்க."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்வானேன். தாள் மேஜை மேல் கிடந்தது. இருபத்தெட்டு நாலும் ஒரே சாய்வில், ஒரே மையில், பள்ளிக்கூடப் பிள்ளை தண்டனையாக எழுதினது போல வரிசையாக நின்றன.

"சார், பாட்டிலை நான் ஃப்ரீசர்ல வெச்சேன். அந்தத் தாளும் உண்மை இல்லை. ஒரே நாள்ல உட்கார்ந்து எழுதினேன்."

அவர் முகம் மாறவில்லை. அந்த முகம் மாறுகிற முகம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னொரு தடவை தரலாம்," என்றார். "அதுதான் கடைசி. உங்க அறையில வேண்டாம்னு நான் சொல்வேன். ஆனா முடிவு அவங்களோடது."

சொட்டு வேலை பார்க்கிற இடத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். நீளமான மேஜையின் ஓரத்தில், காதுமூடி மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஐஸ் நிரப்பிய கிண்ணத்துக்குள் ஒரு குவளை, அதற்குள் இறங்கிய மெல்லிய உலோகக் கம்பி. கம்பி அசைவதே தெரியவில்லை, ஆனால் பல் கூசுகிற ஒரு சத்தம். குவளையில் பால் போல இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக நீலம் ஓடி, பிறகு மங்கி, பிறகு அடியில் இருக்கிற ஐஸ் தெரிகிற அளவுக்குத் தெளிந்தது. சூடு ஏறிவிடக் கூடாது என்று அரை நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, தொட்டுப் பார்த்து, ஐஸை மாற்றி, மறுபடி ஓடவிட்டாள். மேஜையை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தவள் செய்கிற வேலையாகவே இல்லை. இவளையா நான் குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி பேசினேன் என்று எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

சத்தம் நின்றதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை மணி நேரம் உள்ளே இருந்துச்சு அண்ணி?"

"ராத்திரி முழுக்க."

"வெந்நீர்லயா இளக்கினீங்க?"

"ஆமா."

நோட்டை எடுத்து இரண்டையும் எழுதினாள். எனக்குத் தாங்கவில்லை.

"திட்டேன்டி. நாலு வார்த்தை திட்டிடு. உனக்குத் தெரியும்தானே?"

"அளந்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?"

"ஒரு தடவை கேட்டேன், ஃப்ரிட்ஜ்லன்னு சொன்னீங்க. ரெண்டாவது தடவை கேட்டா, நீங்க பொய் சொல்றீங்கன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். அதுக்கு எனக்கு மனசு வரல."

நான்கு வருட உழைப்பு ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். அவள் என் மானத்தை எடுத்து வைத்திருந்தாள், நான் அதற்கு லாயக்கே இல்லாதபோது. அடுத்த தடவை எங்கே செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு, குவளையை மூடிக்கொண்டே சொன்னாள்.

"உங்க அறையிலதான். இனிமே உங்களைவிடப் பயந்து வேலை செய்யற ஆள் எனக்குக் கிடைக்க மாட்டாங்க."

இரண்டாம் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பாட்டில் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இருந்தது, காலையிலும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. கலந்தேன், இருபதும் இருபதுமாக அடுக்கினேன். காலை ஆறரை, மாலை ஆறரை, வெப்பமானி முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றேன். மூன்றரை என்றால் மூன்றரை, நாலு என்றால் நாலு, ஒருநாள் ஐந்து. வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்தால் "சீக்கிரம் மூடுங்க, சீக்கிரம் மூடுங்க" என்று கூடவே நின்றேன். அந்த மனிதர் பால் எடுக்கக்கூட ஃப்ரிட்ஜ் பக்கம் போகப் பயந்தார்.

ஒன்பதாம் நாள் கடைகளுக்குப் போட்டுவிட்டு மாலை திரும்பினோம். அறைக்குள் நுழைந்ததும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜின் சத்தம் இல்லை. ஃப்யூஸ் போயிருந்தது. எப்போது போனதோ தெரியாது. கதவைத் திறந்து பார்த்தேன். பதினொன்று.

வீட்டுக்காரர் ஃப்யூஸை மாற்றினார். ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது. நான் பதிவுத் தாள் முன்னால் பேனாவோடு நின்றேன். ஒரு மணி நேரத்தில் தானாக நாலுக்கு வந்துவிடும். நாங்கள் இரண்டு பேர், ஒரு ஃப்ரிட்ஜ், வேறு சாட்சி கிடையாது. முன்னே எழுதின பொய் என் சோம்பலுக்காக எழுதினது. இப்போது எழுதினால் அது அவளுக்காக. பதினொன்று என்று பார்த்தால் உம்மணாமூஞ்சி சோதனையே செல்லாது என்று சொல்லிவிடலாம். இதுதான் கடைசித் தடவை. ஒரு நாலு போட்டால் அவள் மேஜை தப்பிக்கும் என்றால் போட்டால்தான் என்ன?

"என்ன எழுதப் போறே?" என்றார் அவர்.

"சும்மா இருங்க கொஞ்ச நேரம்."

தலைவர் அறையில் வரிசையாக நின்ற அந்த இருபத்தெட்டும் கண் முன்னால் வந்தன. பதினொன்று என்று எழுதினேன். பக்கத்தில் ஃப்யூஸ் போனதையும், எப்போது போனது என்று தெரியாது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் அவளுக்குப் போன் செய்தேன். பதினொன்று என்று சொன்னேன்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"பேனாவிலயா?"

"பேனாவிலதான். உன் மேஜைக்கு நானே மறுபடியும் உலை வெச்சுட்டேன் போலிருக்கு."

"சரி அண்ணி. டப்பாவைத் திறக்காதீங்க. இப்போதைக்குக் கதவையும்."

அதற்குப் பிறகு ஐந்து நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பதினான்காம் நாள் டப்பாக்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போயின. ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் தடவி, கிருமி வளர்கிற சூட்டில் இரண்டு நாள் வைத்தார்கள். மூன்றாம் நாள் என்னையும் கூப்பிட்டார்கள். தலைவர் மேஜை மேல் இரண்டு வரிசையாகத் தட்டுகள். வெறும் சீஸின் தட்டுகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. விளிம்பு வரை புள்ளிகள், எண்ணவே முடியாது. அவள் மருந்து போட்டதில் ஒரு தட்டில் மூன்று புள்ளி, ஒன்றில் இரண்டு, மற்றதெல்லாம் துடைத்துவைத்த மாதிரி. ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். பால் வாசனை, அவ்வளவுதான். கிராம்பு எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. பதினாறு நாள் ஆன என் சீஸ், நேற்றுச் செய்தது போல நடுங்கிக்கொண்டிருந்தது. இருபது வருடமாக அதைச் செய்கிறேன், அந்த மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. என் நாத்தனார் கையால் அது நடந்தது என்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஆனால் தலைவர் தட்டுகளைப் பார்க்கவில்லை. பதிவுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் மெல்ல இறங்கி ஒன்பதாம் நாளில் நின்றது. சொட்டு தரையைப் பார்த்தாள்.

"இது என்ன, பதினொண்ணு?"

"ஃப்யூஸ் போச்சு சார்."

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்லை. நாங்க மட்டும்தான்."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"பதினொண்ணு இருந்துச்சு, எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்தத் தாள்லயும் எல்லாம் நாலா இருந்திருந்தா, இந்தத் தட்டுங்களை நான் நம்பியிருக்க மாட்டேன்," என்றார். "உங்க முதல் தாளைப் பார்த்தவன் நான். டப்பாவை மாத்தியிருப்பாங்கன்னுதான் எழுதியிருப்பேன். பதினொண்ணுன்னு எழுதற ஆளு டப்பாவை மாத்த மாட்டாங்க." பிறகு சொட்டின் பக்கம் திரும்பினார். "ஒரு மத்தியானம் அந்தச் சூட்டுல கிடந்தும் மூணு புள்ளிதான்னா, நாங்க கேட்டதைவிட நல்லாவே நின்னிருக்கு. மேஜை அங்கேயே இருக்கட்டும். வேலையைப் பாருங்க."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தோம். சொட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன்ல நீங்க பதினொண்ணுன்னு சொன்னீங்க இல்ல அண்ணி," என்றாள். "அப்ப என் வாய் வரைக்கும் வந்துச்சு, நாலுன்னு எழுதிடுங்க, யாருக்குத் தெரியப்போகுதுன்னு. அதான் எழுதிட்டீங்களான்னு முதல்ல கேட்டேன். இன்னும் எழுதலைன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா, சொல்லியிருப்பேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வேட்டை நாய் மாதிரி சண்டைக்கு நிற்கிற எனக்கும்தான். போகிறவர் வருகிறவர் பார்த்தால் பார்க்கட்டும் என்று நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தலையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.